டீயில் கலந்த சமாதானம்

உப்பிட்டு என்கிற கன்னடத்து ரவை உப்புமாவின் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆஸ்டின் டவுனில் நம் ஹாஸ்டலில் தினமும் காலையில் அதுதான் என்றாலும் எனக்குப் பிடித்தே இருந்தது. புரட்சி உன்னுடையது, தாரணி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ கட்டில் மேல் ஏறி நின்று பேசியபோது நானும் கைதட்டினேன். "வார்டனுக்கு தோசை, நமக்கு ரவையா? இனிமே பேச்சு இல்லடி, கல்லுதான்." பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் ஜல்லி பொறுக்கித் தலையணை உறைகளில் நிரப்பச் சொன்னாய். வெள்ளிக்கிழமை ராத்திரி முதலில் வார்டன் ரமா மேடத்தின் ஜன்னல், பிறகு ரமா மேடம். எல்லோரும் உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். என் முறை வந்தது.

"எங்க சபையில சத்தியம் பண்ண மாட்டோம்டி. ஆமான்னா ஆமா, அவ்ளோதான்."

"சரி டோரீன், ஆமான்னு சொல்லு."

"சண்டையும் போட மாட்டோம்."

"அப்புறம் என்னதான்டி பண்ணுவீங்க?"

"கண்ண மூடிட்டு சும்மா உக்காந்திருப்போம்."

"அதுக்கு எதுக்குடி தனியா ஒரு சபை?" என்றாள் விஜி. "கணக்கு கிளாஸ்ல நாங்களும் அதத்தான பண்றோம்."

நாங்கள் குவேக்கர்கள் என்கிற கிறிஸ்தவச் சபை. எந்தப் போரிலும் யார் மேலும் கை ஓங்கக் கூடாது. ஆனால் இந்த ஹாஸ்டலில் என்னை முதலில் 'வாடி' என்று கூப்பிட்டது நீதான். உன் படையில் சேராவிட்டால் நீ எனக்கு இல்லை. சேர்ந்தால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது. காயின் பூத்தில் இருந்து அப்பாவைக் கூப்பிட்டேன். "சண்டை வராம பாத்துக்கோம்மா" என்றார்.

பார்த்துக்கொண்டேன்.

மலச்சிக்கலுக்கு என்று அம்மா கொடுத்தனுப்பிய மாத்திரைகள் பெட்டியில் இருந்தன. வெள்ளிக்கிழமை, சமையல்கார சரசு அக்கா சாயந்தர டீயைப் போட்டு வைத்துவிட்டு வெளியே போயிருந்தார். அண்டா பெரிது என்பதால் எல்லாவற்றையும் பொடித்துப் போட்டேன். சர்க்கரையும் கொஞ்சம் கூடச் சேர்த்தேன். யாரையும் துன்பப்படுத்துவது என் நோக்கமல்ல.

தலைவி என்பதால் நீ மூன்று டம்ளர் குடித்தாய்.

மாடியில் இருப்பது இரண்டே கக்கூஸ். அன்று ஒரு கல் கூடப் பறக்கவில்லை. படை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது. கீழே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டதால், அதே டீயைக் குடித்த ரமா மேடமும் மேலே வந்து நின்றார். "பேக பாம்மா, பேக பா" என்று, சீக்கிரம் வரச் சொல்லிக் கன்னடத்தில் கத்தியபடி உன் கதவைத் தட்டினார். "உள்ள போராட்டம் நடக்குது மேடம்" என்றாய். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். அப்படி ஒரு சமாதானத்தை எங்கள் சபையில் கூட நான் பார்த்ததில்லை.

பிறகு நீ மயங்கி விழுந்தாய். ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்டோவில் உன் தலை என் மடியில்தான் இருந்தது. உன் கை அவ்வளவு ஜில்லென்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"சாமி சத்தியமா நான் ஒண்ணும் கலக்கலம்மா" என்று சரசு அக்கா அழுதார். யாரும் நம்பவில்லை. சத்தியத்தால் பிரயோஜனம் இல்லை என்று எங்கள் சபை சொல்வது சரிதான். விடிந்ததும் அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, போலீஸுக்கும் சொல்வார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, தாரணி. ஆனாலும் குவேக்கர் உண்மையை மறைக்கக் கூடாது. அதனால்தான் உன் காதருகே குனிந்து, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். டீயில் கலந்தது நான்தான். ஊசி போட்டிருக்கிறது, காலை வரை இவள் காதில் எதுவும் விழாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போன பிறகுதான் ஆரம்பித்தேன்.