இருநூற்று நாற்பது ஃபிரேம்

நீங்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது நான் நான்காவது திருகை இறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டே நிமிடம் கேட்டேன். கொடுக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, சார். உங்கள் வேலை உங்களுக்கு. ஆனால் கம்ப்யூட்டரின் சூட்டை இறக்கும் கூலரின் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றித்தான் இறுக்க வேண்டும். ஒன்றைப் பாதியில் விட்டால் பிராசஸர் ஒரு பக்கமாகச் சூடேறும். யாரையாவது அனுப்பி அதை முடிக்கச் சொன்னால் நல்லது.

மாப்பிள்ளை என் காலடியில்தான் கிடந்தார். அவரைத் தாண்டிப் போய்த்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். என் தங்கை கம்ப்யூட்டரில் போட்டி விளையாடுகிறவள். ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர், துப்பாக்கிச் சண்டை. விளையாட்டில் அவள் வைத்துக்கொண்ட பெயர் கீரி. வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. இன்று நான்கு மணிக்குத் தகுதிச் சுற்று. ஜெயித்தால் அவள் முழுநேர ஆட்டக்காரி. ஆறு வருடமாக அவள் வேறு எதையும் கேட்டதில்லை. இப்போது மணி இரண்டேகால். இன்னும் நேரம் இருக்கிறது.

அவள் கம்ப்யூட்டரைக் கவனித்துக்கொள்வது நான். திரையில் நொடிக்கு எத்தனை படம் மாறுகிறது என்பதைத்தான் ஃபிரேம் என்கிறோம். கீரிக்கு இருநூற்று நாற்பது வேண்டும். அது அறுபதுக்கு விழுந்தால், மூலையிலிருந்து எட்டிப் பார்க்கும் எதிரியை அவள் பார்ப்பதற்குள் அவன் சுட்டிருப்பான். கடைகளில் விற்கும்போது அந்த மெஷின் நூற்று முப்பதைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு சில்லாகச் சீண்டி, மின்சாரத்தை இழை இழையாகக் கூட்டிக் குறைத்து, இருநூற்று நாற்பதுக்குக் கொண்டுவந்தவன் நான். அவள் சுடுகிற ஒவ்வொரு குண்டிலும் என் கை இருக்கிறது. அவளே அப்படிச் சொல்லியிருக்கிறாள்.

மூன்று மாதத்துக்கு முன் விழ ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு அறுபது. உடனே சரியாகிவிடும். அந்த ஒரு மூச்சில் கீரி செத்துப்போவாள். நான் சொல்வது விளையாட்டில். மெமரியை மாற்றினேன். கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றித் தூசு தட்டினேன். பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினேன். விழுவது நிற்கவில்லை. இன்னொரு முறை திக்கினால் மாற்று ஆளை இறக்கிவிடுவேன் என்று அணித்தலைவன் கீரியிடம் சொல்லிவிட்டான். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது.

அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கீரியைக் கல்யாணம் செய்து எங்கள் வீட்டுக்கே குடிவந்து மூன்று மாதம். தேதியைக் கவனியுங்கள், சார். எதையெடுத்தாலும் சிரிப்புத்தான் அவருக்கு. ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு,

"மச்சான், நானும் கண்ணுலதான் தொழில் பண்றேன். நொடிக்கு இருநூத்தி நாப்பது படத்தைப் பாக்குற கண்ணு இன்னும் எங்க கடைக்கு வரல. வந்தா சொல்றேன், நல்ல ஃபிரேமாப் பாத்துப் போட்டுவிடுவோம்" என்றார்.

கீரி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவரைக் கண்காணிக்கத் தொடங்கினேன்.

அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறது. கல்யாணம் நடந்த வாரம்தான் அதை மெஷினில் ஏற்றியிருந்தேன்; சந்தேகம் வரும்வரை எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. சூடு, மின்சாரம், மின்விசிறி வேகம் என்று மெஷினுக்குள் இருக்கும் அத்தனையையும் நொடிக்குப் பல முறை அளந்து எழுதிவைக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குள் செருப்பைக் கழற்றினால் அதை ஓடவிடுவேன். அவர் கடைக்குக் கிளம்பிப் போனதும் நிறுத்திவிடுவேன். அவர் வெளியே இருக்கும்போது விளையாட்டு காட்டுகிற எண்ணை மட்டும் கண்ணால் பார்த்துக்கொள்வேன். முடிவு பளிச்சென்று தெரிந்தது. அவர் வீட்டில் இருந்தால் ஃபிரேம் விழும். அவர் இல்லாவிட்டால் ஒரு முறைகூட விழாது. எழுபது நாள் எழுதிவைத்திருக்கிறேன். எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் காட்டலாம்.

எப்படிச் செய்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. அவர் வாஷிங் மெஷின் போடுவதை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். போனைப் பரணில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அவ்வளவு பணிவு எனக்குப் பிடிக்கவில்லை. குற்றம் செய்தவன்தான் அப்படி வளைந்து கொடுப்பான்.

இன்று ஆட்டம் பார்ப்பதற்காகவே அவர் லீவு போட்டிருந்தார். காலையிலிருந்தே புரோகிராமை ஓடவிட்டிருந்தேன். பத்து மணிக்குள் எட்டு முறை விழுந்தது. பதினொன்றரைக்குப் புது கூலர் வந்தது. செம்பும் அலுமினியமும் அடுக்கடுக்காக, ஒன்றரைக் கிலோ. தகடுகளின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். அதை மாட்டுவதற்காகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தேன். அப்போது மாப்பிள்ளை சமையலறையிலிருந்து ஓடிவந்தார். ஏன் ஓடிவந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கதவைத் தாண்டியதும் அவர் நின்றார். "மச்சான், அதக் கீழ வைங்க" என்றார். சிரிக்கவில்லை. நான் அவரைச் சிரிக்காமல் பார்த்தது அதுதான் முதல் முறை. நெற்றியில் ஓர் அடி. தகடு தோலை நறுக்கி எலும்பில் நின்றது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். காதுக்கு மேலே ஓர் அடி. முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். அப்போதும் ஒரு கையை உயர்த்திக் கம்ப்யூட்டர் இருந்த பக்கத்தை மறைக்கப் பார்த்தார். உச்சியில் இரண்டு அடி. அதன் பிறகு மறைக்கவில்லை.

கூலரில் இரண்டு தகடுகள் வளைந்திருந்தன. நிமிர்த்தினேன். குழாயில் கழுவி, தலைமுடியெல்லாம் எடுத்துவிட்டு, துண்டால் ஒற்றி, ஹேர் டிரையரில் காயவைத்தேன். பசை தடவி மாட்டினேன். கொஞ்சம்கூட ஈரம் இருக்கக் கூடாது, சார். மெஷினுக்கு ஈரம் ஆகாது.

கீழ் வீட்டுக்காரர் ஐந்து சத்தம் கேட்டதாகச் சொன்னார் என்றீர்கள். மாப்பிள்ளைக்கு விழுந்தது நான்குதான். அவர் காது நல்ல காது. அவரைத் தப்புச் சொல்ல முடியாது.

மாப்பிள்ளை ஏன் ஓடிவந்தார் என்றால், கீரி கத்தினாள்.

அவள் பயிற்சி ஆட்டத்தில் இருந்தாள். நான் கூலரைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது, "அண்ணா, உன் அளக்குற புரோகிராமை ஒரு அஞ்சு நிமிஷம் மூடிப் பாக்குறேன்" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் மூடிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாஷிங் மெஷினையும் போட்டிருந்தார், பாட்டுப் பாடிக்கொண்டே. ஐந்து நிமிடம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. எண் இருநூற்று நாற்பதை விட்டு அசையவில்லை.

கீரி நாற்காலியோடு திரும்பினாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபத்தால் இல்லை, நிம்மதியால்.

"அண்ணா, உன் புரோகிராம்தான். அளக்குறேன் அளக்குறேன்னு நீயேதான் இழுத்துப் பிடிச்சிருக்க. பாவம் அவரு" என்றாள். பிறகு, "இரு, கேப்டன்கிட்ட சொல்லிடுறேன், பயப்பட வேண்டாம்னு" என்று திரையில் அணியின் அரட்டைப் பெட்டியைத் திறக்கப் போனாள்.

ஐந்து பேரும் படிப்பார்கள். கீரியின் மெஷினைக் கெடுத்தது கீரியின் அண்ணன் என்று படிப்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், சார், மாப்பிள்ளையை நான் திட்டம் போட்டு அடிக்கவில்லை. அவர் குறுக்கே வந்தார். கையில் இருந்தது பட்டது. அதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் அடி மட்டும் கை தவறி விழுந்ததா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை. மவுஸின் மேல் இருந்தது அவளுடைய வலது கை. ஐந்து விரலும் விரிந்து இருந்தன. நான் நன்றாகப் பார்த்துத்தான் அடித்தேன்.