சந்திரனுக்குப் போனவள்

“சந்திரனுக்குப் போனவ இனிமே திரும்பி வரமாட்டாளாம். என்ன திமிர்டீ!”

மாட்டுங்கா பஸ் கியூவில், மழையில், எனக்கு முன்னால் இரண்டு டைப்பிஸ்ட் பெண்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் இரண்டாம் பாகத்தைப் பற்றித்தான் பேச்சு. திட்டியவள் குடை பிடித்திருந்தாள்.

“முதல் பாகத்துலயே அவ பிடிவாதக்காரிதானே?” என்றாள் மற்றவள்.

“அதுக்காக? அவன் ராக்கெட் ஏறிப் போய்க் கெஞ்சறான். கூட வந்தா என்னவாம்?”

“அடுத்த வாரம் கதை முடியறது. படிச்சுட்டுத் தரேன்.”

“அடுத்த வாரம் நான் கல்யாணம் ஆகி நாக்பூர் போயிருப்பேனே. அவாத்துல கதைப் பத்திரிகையே வாங்கமாட்டாளாம்.”

“முடிவைக் கார்டுல எழுதிப் போடறேன்.”

“கார்டு வேண்டாம், எல்லாரும் படிப்பா. கவர்ல போடு.”

பஸ் வந்தது. குடையை மடக்கிக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்: “அவ திரும்பி வந்துட்டாள்னா எழுதாதே.”