பிரமாச்சி கம்பத்துக் கயிறு

கயித்துல இருந்து கையை எடுங்கய்யா மொதல்ல.

கோவப்படாதீய. நீங்க மாவட்டத்துல இருந்து கொடியேத்த வந்த பெரியவுக. கழுத்துல துண்டு, பின்னால வரிசையாக் காரு, எல்லாம் சரிதான். ஆனா இந்தக் கயித்தைத் தானாப் போயி எடுத்தவன் இந்தக் கொம்புக்கழியில எவனும் கெடையாது. நீங்க கையை வச்சதும் கூட்டமே வாயில கை வச்சதைப் பாத்தியளா? நான் இந்த உப்பளத்துல காலமெல்லாம் கூடை சுமந்தவ. பேரு சிவனணைஞ்சா. கதையைக் கேட்டுட்டு அப்புறம் ஏத்துங்க. வெயிலு எங்கயும் ஓடிராது.

கடலு இதைவிடக் கிட்டக் கெடந்த காலத்துல, இதே கொம்புக்கழியில, பிரமாச்சின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க தாத்தாகூடப் பொறந்தவ. புருசன் இல்ல, பிள்ளை இல்ல. உப்புக்கூடையும் வாயும்தான் அவளுக்குச் சொத்துன்னு சொல்லுவாவ. அந்த வாயி இருக்கே, அது சும்மா கெடக்காதாம்.

அப்பத்தான் இந்த ஊருக்குக் கட்சி வந்துச்சு. கொண்டாந்தது நயினாருன்னு ஒருத்தரு. நல்ல மனுசன்தான், பொய் சொல்லப்பிடாது. படிச்சவரு. ஒடஞ்சுபோன தோணியோட பாய்மரத்தைத் தூக்கியாந்து நட்டு, கொடி கட்டுனதே அவருதான். இந்தா நிக்குதே, இதே மரம்தான். அன்னைக்கு மொதக் கொடியேறும்போது அழுதவ பிரமாச்சியாம். ஏன் அழுதான்னு கேட்டா, நமக்குன்னும் கேக்க ஒரு ஆளு வந்துட்டுன்னு சொன்னாளாம்.

கட்சியில சேந்தா. சேந்தவ சும்மா இருந்தாளா? கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே கேள்வி. பாத்தியில உப்பு வாருத ஆம்பளைக்கு ஒரு கூலி. அதைச் சுமந்து கரையேத்துத பொம்பளைக்கு அதுல பாதி. ஏன்னு கேளுங்கன்னா. நயினாரு சொன்னாரு, மொதல்ல ஆம்பளைக் கூலியக் கேட்டு வாங்குவோம், பொம்பளைக்குப் பொறவு பாக்கலாம். அடுத்த கூட்டத்துலயும் எந்திரிச்சா. பொறவு பாக்கலாம். அதுக்கு அடுத்த கூட்டத்துலயும் எந்திரிச்சா. பொறவு பாக்கலாம்.

ஒரு நாளு டவுன்ல இருந்து பெரிய தலைவரு வந்திருக்காரு. மேடையில நயினாரு பக்கத்துல உக்காந்திருக்காரு. இவ கூட்டத்து நடுவுல எந்திரிச்சு நின்னா.

"அய்யா, நாங்க சொமக்கது அரை உப்பா, முழு உப்பா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

தலைவரு நயினாரைத் திரும்பிப் பாத்தாராம். நயினாரு மூஞ்சி சுண்டிப் போச்சு. பெரிய மனுசன் முன்னால மானம் போச்சேன்னு அவருக்கு. மறுநாக் காலையில, வேலைக்குப் போற சனத்தை நிப்பாட்டி, இந்தக் கம்பத்தடியில நின்னு சொன்னாரு.

"இன்னையில இருந்து பிரமாச்சிக்கும் கட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கட்சிக்காரங்க யாரும் அவகூடப் பொழங்கக் கூடாது."

பொழங்கக் கூடாதுன்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாது. ஒங்க ஊர்ல அதுக்கு ஒரு அறிக்கை விடுவிய, பேப்பர்ல வரும், ஆறு மாசத்துல திரும்பச் சேத்துக்கிடுவிய. உப்பளத்துல அப்படி இல்ல. நெறஞ்ச உப்புக்கூடையத் தன் தலையில தானே தூக்கி வச்சிக்கிட முடியாது. எப்பேர்ப்பட்ட பலசாலியா இருந்தாலும் முடியாது. எதுத்தாப்புல ஒருத்தி நின்னு, ஒரு கை புடிச்சு ஏத்திவிடணும். பொழங்க ஆளு இல்லைன்னா கூடை ஏறாது. கூடை ஏறலைன்னா கூலி இல்ல. கூலி இல்லைன்னா அடுப்பு எரியாது. நயினாரு அதை நெனச்சுத்தான் சொன்னாரா, நெனைக்காமச் சொன்னாரா, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

அன்னைக்கே பிரமாச்சி கூடைய நெறச்சு வச்சிக்கிட்டு நிக்கா. ஒருத்தியும் வரல. நேத்து வரைக்கும் அக்கா அக்கான்னு வந்தவளுவ, கண்டும் காணாம ஒதுங்கிப் போறாளுவ. அவ யாரையும் கூப்பிடவும் இல்லையாம். அப்படியே கூடைப் பக்கத்துல நிக்கா. அப்பச் சந்தனக்கனின்னு ஒருத்தி வந்தா. பயந்த சுபாவம். கூட்டத்துல ஒரு வார்த்தை பேசுனது கெடையாது. சுத்தியும் முத்தியும் பாத்தா, கூடையில கை வச்சா, ஏத்திவிட்டா, போயிட்டா. அன்னையில இருந்து தெனமும் அவதான். வாயத் தொறக்க மாட்டா. ஏத்திவிடுவா, போயிருவா.

பிரமாச்சிக்கு ரோசம் வந்து வேற கட்சிக்குப் போயிட்டாளாக்கும்னு நெனச்சியளா? அது இந்தக் காலத்துப் புத்தி. அவ கூட்டத்துக்கு வந்தா. உள்ள வரக்கூடாதுன்னதால, தூரத்துல வேலியோரமா நின்னு கேப்பாளாம். கோசம் போடும்போது அவ சத்தம்தான் பெருசா இருக்குமாம்.

இப்படி இருக்கும்போதுதான் சர்க்காரு கட்சியத் தடை பண்ணிட்டுன்னு சேதி வந்துச்சு. ராவோட ராவாக் கொடிய எறக்கிட்டாவ. கொஞ்ச நாள்லயே போலீசு வந்துட்டு. உச்சி வெயிலு. உப்பு வெள்ளையில கண்ணு கூசுது. ஊரையே கம்பத்தடிக்குக் கூட்டியாந்து நிப்பாட்டுனான் இன்ஸ்பெக்டரு. எவன் கட்சிக்காரன்னு கேட்டான். ஒருத்தரும் மூச்சுக் காட்டல.

அவன் சிரிச்சானாம். அடிக்கக்கூட இல்லையாம். ஒவ்வொருத்தனா வா, இந்தக் கம்பத்தைத் தொடு, எனக்கும் கட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு சொல்லு, வீட்டுக்குப் போ. அவ்வளவுதான்னான்.

மொதல்ல யாரு போனா தெரியுமா?

நயினாரு.

ஆமாய்யா, நயினாருதான். அவரு நட்ட கம்பம். அவரு கட்டுன கயிறு. தொட்டாரு. "எனக்கும் கட்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல"ன்னாரு. எந்த வார்த்தைய எந்த எடத்துல நின்னு பிரமாச்சிக்குச் சொன்னாரோ, அதே வார்த்தை, அதே எடம். அவரே சொல்லிட்டாரே, பொறவு நமக்கு என்னன்னு ஒவ்வொருத்தரா வந்து தொட்டாவ. சொன்னாவ. போயி அந்தப் பக்கம் நின்னாவ. எங்க தாத்தாவும் தொட்டுச் சொன்னாரு. சந்தனக்கனியும் தொட்டுச் சொன்னா, தலையத் தூக்காமலே.

கடைசியா நின்னது பிரமாச்சி. கூட்டத்துல இருந்து எங்க தாத்தா கத்துனாராம், அவளை விட்டுருங்கய்யா, அவளுக்கும் கட்சிக்கும் நெசமாவே சம்பந்தமில்ல, ஊருக்கே தெரியும்னு. நெசம்தானே? அங்க நின்னவுகள்ல அந்த வார்த்தையப் பொய்யில்லாமச் சொல்லக் கூடியவ அவ ஒருத்திதான். சொல்லிட்டுப் போயிருக்கலாம். யாரும் குத்தம் சொல்லியிருக்க மாட்டாவ.

அவ நடந்து வந்தா. கம்பத்தைத் தொட்டா.

"எனக்கும் கட்சிக்கும் சம்பந்தம் உண்டு. நான் கட்சிக்காரி."

இன்ஸ்பெக்டரு கேட்டான், அப்ப வேற யாரெல்லாம் கட்சின்னு. இவ திரும்பி நின்னு ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தா. எங்க தாத்தாவைப் பாத்தா. சந்தனக்கனியப் பாத்தா. நயினாரைப் பாத்தா. எல்லாப் பேரும் அவளுக்குத் தெரியும்லா. ஒத்த விரலை நீட்டியிருந்தாப் போதும்.

"வேற யாரும் இல்ல. இப்பத்தான எல்லாரும் கம்பத்தைத் தொட்டுச் சொன்னாவ? எங்க ஊர்க்காரங்க பொய் சொல்ல மாட்டாவ."

அவளைக் கொண்டு போயிட்டாவ. போறவரைக்கும் திரும்பிப் பாக்கலையாம். அன்னைக்கு இந்த ஊர்ல யாரும் யாரு மூஞ்சியிலயும் முழிக்கல.

தடை நீங்கி அவ திரும்பி வந்தப்ப மாட்டுவண்டியில படுக்க வச்சுத்தான் கொண்டாந்தாவ. ஜெயில்ல என்ன நடந்துச்சுன்னு அவ சொல்லவே இல்ல. இருமுனா ரத்தம் வருது. நயினாரு பாக்கப் போனாரு. குடிசைக்குள்ள போக ஒப்பாம வாசல்லயே நின்னாரு. அவ படுத்தபடியே கேட்டாளாம், நயினாரே, பொம்பளைக் கூலியக் கேட்டியளான்னு. அதுவரைக்கும் அவரு அதைக் கேக்கவே இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அன்னைக்கே அவ உசிரு போச்சு.

சேதி தெரிஞ்சு டவுன் தலைவரு கொடியோட வந்தாரு. கட்சிக்காரங்க செத்தா கொடி போத்துதது ஒரு முறைல்லா? கட்சிக்காரங்க நாலு பேரு வந்து நாலு மூலையப் புடிங்கன்னாரு.

யாரும் வரல.

தலைவரு திகைச்சுப் போனாரு. ஊர் நெறையக் கட்சிக்காரங்கன்னு சொன்னீயளே, எங்கன்னு கேட்டாரு. எங்ஙன வருவாவ? அந்தக் கம்பத்தைத் தொட்டு, இல்லைன்னு சொன்ன கைதான எல்லாக் கையும்? நயினாரு ஓரமா, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு நிக்காரு. பொணம் வெயில்ல கெடக்கு. கொடி தலைவரு கையில தொங்குது. என்ன கொடுமைய்யா அது.

அப்ப எங்க தாத்தா போயி சந்தனக்கனி கையப் புடிச்சாரு. அவ உதறுனா. நானும் இல்லைன்னு சொன்னவதானன்னு அழுதா. இவரு விடல.

"நீ கூடை ஏத்திவிட்டவடீ. நீ கட்சிக்காரி. நான் சொல்லுதேன்."

அப்படிச் சொல்லி அவ கையக் கொண்டுபோயி கொடி மூலையில வச்சாரு. அதுக்கப்புறம் ஒருத்தரு இன்னொருத்தரைக் காட்டுனாரு. பிரமாச்சி ஜெயில்ல கெடக்கும்போது குடிசைக்குக் கூரை வேஞ்சவன் இவன்னு ஒருத்தனைக் கூட்டியாந்தாவ. இப்படித்தான் நாலு மூலைக்கும் ஆளு வந்துச்சு. தானா வந்தவன் எவனும் இல்ல. நயினாரை மட்டும் யாரும் கூப்பிடல.

அன்னையில இருந்து முறை இதுதான். தலைக்கூடைய எப்படித் தானே ஏத்திக்கிட முடியாதோ, கட்சிக்காரங்கற பேரையும் தானே ஏத்திக்கிட முடியாது. அடுத்தவன் கையப் புடிச்சுக் கயித்துல வைக்கணும். ஏன் வைக்கேன்னும் சொல்லணும்.

நயினாரு என்ன ஆனாருன்னு கேக்கியளா? அந்த மனுசன் பொறவு பொம்பளைக் கூலி, பொம்பளைக் கூலின்னே அலைஞ்சாரு. முதலாளிகிட்ட நின்னாரு, கோர்ட்டுக்கு நடந்தாரு, அடி வாங்குனாரு. தல நரைச்ச பொறவுதான் அது கெடச்சுது. ஒவ்வொரு கொடியேத்தத்துக்கும் வருவாரு. கையப் பின்னால கட்டிக்கிட்டு ஓரமா நிப்பாரு. யாரும் அவரு கையப் புடிக்கல. அவரும் நீட்டல. நான் கட்சிக்காரன்னு ஒருநாளும் அவரு வாயில வரல. வைராக்கியம்னா எங்க ஊரு வைராக்கியம்.

அவரு செத்தன்னைக்குக் கொடி வந்துச்சு. போத்தவா வேண்டாமான்னு ஊரே முழிக்குது. சந்தனக்கனி கெழவியாயிட்டா, கண்ணு சரியாத் தெரியாது. தட்டுத் தடுமாறி வந்தா. நயினாரோட செத்த கையத் தூக்குனா. விறைச்ச கை. அதை இழுத்துக் கொடித் துணியில வச்சா.

"இவரு கூடை ஏத்திவிட்டாரு. எங்க எல்லாருக்கும்."

அவ்வளவுதான் சொன்னா. நான் பக்கத்துல நின்னேன். அந்த எலும்புச் சத்தம் இன்னும் எனக்குக் கேக்கு.

உப்பு கரைஞ்சாலும் கரிப்பு போவாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவோம். பிரமாச்சி கதையும் அப்படிக் கெடக்கு.

சரிய்யா, கயிறு இந்தா தொங்குது. கூட வந்தவுகள்ல யாராவது ஒருத்தரு இவரு கையப் புடிச்சு வைங்க. ஏன் வைக்கீயன்னு மட்டும் சொல்லிட்டு வைங்க.

என்னய்யா, ஒருத்தரும் நகர மாட்டேங்கீய?