அவர் பேச்சு எனக்கு மட்டும் புரியும்

தமிழ் தெரிந்த சாமியார் மாதா கோயிலுக்கு வந்திருக்கிறார் என்று பக்கத்து ஃப்ளாட் கலைச்செல்வி சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்தை இந்தியில் பண்ணுவது எனக்குச் சரிப்படாது. காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரியே இருக்கும். அதனால்தான் உங்களிடம் வந்து முழந்தாளிட்டிருக்கிறேன், சாமி.

என் வீட்டுக்காரர் செல்லத்துரையின் அடக்கத்துக்குத் திலக் நகரே திரண்டு வந்தது, சாமி. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். பொய்யில்லை. பக்கவாதம் வந்து படுத்தவர் உடம்பில் ஒரு புண் வர விட்டதில்லை. வலது பக்கம் விழுந்து, வாய் கோணி, ஆம், இல்லை என்று தலையாட்டவும் முடியாமல் போனபின், அவர் குழறுவது எனக்கு மட்டும்தான் புரிந்தது. டாக்டர்கூட என்னிடம் கேட்டுத்தான் மருந்து எழுதுவார்.

எங்கள் ஒரே மகள் விஜயராணி, சுடலைக்கண்ணன் என்ற வேறு மதத்துப் பையனைக் கட்டிக்கொண்டு வாஷிக்குப் போனாள். அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றார், எடுக்கவில்லை. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்குப் போன் பண்ணினாள்.

"அப்பாவ மன்னிச்சிரச் சொல்லும்மா. ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லும்மா."

சொன்னேன். காலில் விழுந்து சொன்னேன். "எனக்கு மவளே கெடையாது. நீயும் போவக் கூடாது" என்று என் போனைப் பிடுங்கிக்கொண்டு, கதவை வெளியே பூட்டிவிட்டுத் தாராவிக்குக் கடை திறக்கப் போனார். அவர் கடையடைத்துத் திரும்புவதற்குள் தாயும் பிள்ளையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். சோறு போட்டுக்கொண்டே வெறுத்தேன். அதில் ஒன்றும் கஷ்டமில்லை, பழகிவிடும்.

படுத்த பிறகு அவருக்குப் பயம் வந்தது. அப்போதிருந்த கோவாக்கார ஃபாதர் வீட்டுக்கு வந்தார். தங்கமான மனிதர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இவர் இடது கையால் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சாமி, எம் பிள்ளைய நாந்தான் கொன்னேன். பாவசங்கீர்த்தனம் பண்ணணும். மன்னிப்பு வாங்கித் தாங்க."

என்ன சொல்கிறார் என்று ஃபாதர் என்னைக் கேட்டார்.

கடவுளே இல்லை என்கிறார், உங்களைப் போகச் சொல்கிறார் என்று இந்தியில் சொன்னேன். அழுகிறாரே என்றார். இந்த நோய்க்காரர்களுக்குக் கோபம் வந்தாலும் அழுகைதான் வருமாம் என்றேன். டாக்டர் அப்படிச் சொன்னது நிஜம்தான். அங்கியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்த முடியாதே என்று ஃபாதர் வருத்தத்தோடு எழுந்தார். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்கவில்லை.

இவர் காலமெல்லாம் தாராவியில் கடை வைத்தவர். இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொன்ன அத்தனையும் அவருக்குப் புரிந்தது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. காதருகே குனிந்து, "எம் மவளும் இப்படித்தான் கேட்டா" என்றேன்.

ஃபாதர் பிறகும் வந்தார். ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். மாத்திரையிலோ கஞ்சியிலோ நான் குறை வைக்கவில்லை, சாமி. அவர் உயிர் எனக்கு எதற்கு? மன்னிப்பு வாங்காமலே செத்து, ஆத்துமா நரகத்தில் வேக வேண்டும். அதற்காகத்தான் வேறு யார் கையிலும் விடாமல் அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.

செய்ததற்கு மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. நடந்தது ஒருவருக்காவது தெரியட்டும் என்றுதான் வந்தேன்.

கடைசி நாட்களில் என்னிடம் எதுவும் கேட்பதை விட்டுவிட்டார். சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தே குழறிக்கொண்டிருந்தார். "சேசுவே, இந்தப் பாவி மேல இரங்கும். எம் மவகிட்ட என்னைய மன்னிக்கச் சொல்லும்." மூச்சு நிற்கிறவரை அதே பேச்சுதான். என்ன சொல்கிறார் என்று கலைச்செல்வி கேட்டாள். தண்ணீர் கேட்கிறார் என்றேன்.

என்னைத் தவிர யாருக்கும் அது புரியவில்லை, சாமி. நான் யாரிடமும் சொல்லவுமில்லை. அதனால் அவருக்கு மன்னிப்புக் கிடைத்திருக்க வழியே இல்லை.