முள் இறங்காத சார்ஜர்

உங்கள் மேஜை மேல் இருக்கிற செல்போனைக் காலையிலிருந்து சார்ஜில் போட்டே வைத்திருக்கிறீர்கள், ஐயா. பரவாயில்லை, அதற்கு ஒன்றும் ஆகாது. நிரம்பியதும் போதும் என்று சொல்லிக்கொள்ளும் அறிவை அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். வண்டி பேட்டரிக்கு அந்த அறிவு கிடையாது. அதற்கும் சேர்த்து சார்ஜர்தான் யோசிக்க வேண்டும். முப்பது வருடமாக நான் செய்து வருவது அப்படி யோசிக்கிற சார்ஜர்.

என் பெயர் சீனிவாசலு. கணபதியில் பட்டறை. வேனுக்குள் படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்துக் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறார்களே, அந்தக் கேரவன்களைக் கட்டிக் கொடுக்கிறேன். மர வேலைக்கு ஆள் வைத்திருக்கிறேன். சார்ஜரை மட்டும் யார் கையிலும் விட்டதில்லை. காலியான பேட்டரிக்கு அது முதலில் முழு வேகத்தில் கரண்ட் ஏற்றும். முக்கால்வாசி நிரம்பியதும் வோல்டேஜை அப்படியே பிடித்துக்கொண்டு கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். நிரம்பிய பிறகு வோல்டேஜையும் இறக்கி, தானாகக் குறைவதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டு காத்திருக்கும். வண்டி ஆறு மாதம் ஷெட்டில் நின்றாலும் பேட்டரி கெடாது.

பெருந்துறைச் செங்கோட்டையனுக்கு இது கடைசிவரை புரியவில்லை. விசைத்தறி முதலாளி. நான் கட்டிய வண்டியில்தான் போய் வந்துகொண்டிருந்தார். மீட்டரில் பதினாலு புள்ளி நாலில் நின்ற முள் பதிமூன்றரைக்கு இறங்கியதைப் பார்த்துவிட்டு மெஷினுக்குச் சக்தி போய்விட்டது என்று முடிவு கட்டினார். மூன்று முறை நேரில் போய் விளக்கினேன். மூன்று முறையும் தலையாட்டினார்.

பிறகு சத்தியமங்கலத்தில், பவானி ஆற்றங்கரையில், கேரவன் வைத்திருக்கும் நாற்பது குடும்பங்கள் கூடினோம். ஈரோட்டில் வாங்கிய லாரி சார்ஜர் ஒன்றைச் செங்கோட்டையன் என் சார்ஜருக்குப் பக்கத்தில் வைத்து எல்லோரையும் கூப்பிட்டார்.

“ஏனுங்க சீனிவாசலு, உங்குளுது நாலு மணி நேரத்துல சோந்து படுத்துக்குதுங்க. இதப் பாருங்க, முள்ளு எறங்கவே மாட்டேங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி அம்புஜமும் சிரித்தாள்.

அந்த லாரி சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது, ஐயா. நிரம்பிய பேட்டரிக்குள்ளும் திணித்துக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் ஆசிட் தண்ணீர் கொதித்து வாயுவாக வெளியேறும். ஒரு வருடம் கழித்து, பொங்கலுக்கு முந்தின வாரம், என் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அதை மாட்டச் சொல்லி வந்தார். வேண்டாம், பேட்டரி கொதித்துவிடும் என்று தெளிவாகச் சொன்னேன். தன் பொறுப்பு என்றார். மாட்டினேன்.

பேட்டரி படுக்கைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருக்கும். வாயு வெளியே போக வண்டியின் அடிப்பக்கமாக ஒரு குழாய் விட்டிருந்தேன். பெட்டியைத் திறந்தபோது அந்தக் குழாயையும் கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். நான் மறக்கிற ஆள் இல்லை.

பேட்டரி உப்பிப்போகும், நாற்றம் தாங்காமல் பாதியில் திரும்புவார், நாற்பது குடும்பத்துக்கும் தெரிந்துவிடும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுவதும் உண்மை இல்லை. அந்த வாயு தீப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த வண்டிக்குள் அடுப்பைப் பொருத்தியதும் நான்தான்.

பொங்கலுக்குக் கணவனும் மனைவியுமாகச் சத்தியமங்கலத்தில் ஒரு தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுத்திருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவருடைய மனைவி மயிலாத்தாள் எனக்குப் போன் செய்தார். அம்புஜத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர்.

“ஏனுங்ணா, கட்டலுக்கு அடியில அழுகுன முட்டையாட்ட ஒரு நாத்தம் வருதுங்க. ஒண்ணும் பயமில்லீங்களே?”

“முள்ளு எங்க நிக்குதுங்க அம்மணி?”

“மேலயே நிக்குதுங்ணா.”

“அப்பச் சரிங்க. அவரு சொன்ன மாதிரியே நல்லா வேலை செய்யுது. வெளிய பனியா இருக்கும், கதவு ஜன்னலெல்லாம் நல்லாச் சாத்திக்குங்க.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மயிலாத்தாள் காபி போட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். செங்கோட்டையன் வெளியே தொட்டியடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாராம். உள்ளே ஓடி மனைவியை இழுத்ததில் இரண்டு கைகளும் வெந்துபோயின. உயிரோடு இழுக்க முடியவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கைகளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தார். என்னைக் கண்டதும் அழுதார். “நீங்க அப்பவே சொன்னீங்க. நாந்தேன் கேக்காமப் போட்டனுங்க.”

ஒரு வருடமாக நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். அன்று மதியம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன். அதோடு நின்றிருந்தால் நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கவே மாட்டேன். யாருக்கும் என் மேல் சந்தேகம் இல்லை. அவருக்கே இல்லை.

ஆனால் நான்காம் நாள் எரிந்த வண்டியின் படத்தை யாரோ எங்கள் கேரவன்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கணபதி சீனிவாசலுவின் சார்ஜர் வெடித்தது என்று எழுதினார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூட அதை மறுக்கவில்லை. உங்கள் முதல் தகவல் அறிக்கையிலும் சார்ஜர் கோளாறு என்றே இருக்கிறது. யாருடைய சார்ஜர் என்று இல்லை. அதைப் படித்துவிட்டுத்தான் மறுநாள் பஸ் பிடித்து வந்தேன்.

வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். மயிலாத்தாள் நல்ல பெண், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் நாலு பேர் முன்னால் சொன்னது நான் இல்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறவில்லை, ஐயா. எது நடக்கும் என்றேனோ அதுதான் நடந்தது.

குழாயைக் கழற்றினேன், போனில் பொய் சொன்னேன், தெரிந்தேதான் கொன்றேன். அப்படியே எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சார்ஜர் கோளாறு என்று இருக்கிற அந்த ஒரு வரியை மட்டும் என் கண் முன்னால் அடித்துவிடுங்கள்.