துரை பங்களாவின் துறைமுகப் படம்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா முத்துலிங்கம் அவர்களே, மலையைத் திருத்திக் காய்த்த கைகளோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மழையில் கொழுந்தெடுத்து மழலைகளை வளர்க்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் தாழ்மையான வணக்கம்!

பள்ளிக்கூடப் படி ஏறாத நான், இன்று ஒரு படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் தொங்குகிறது அது. பிரான்சு தேசத்துப் பெரிய பட்டணம் ஒன்றின் துறைமுகம். கப்பலும் கரிப்புகையும் சுமை தூக்கும் கூட்டமும்! அலமாரி தூக்கப் போனபோது நானும் பார்த்தேன். கிட்டப் போனால் வெறும் சாயத் தீற்றல். மனிதர்கள் எல்லாம் பொட்டுப் பொட்டாக.

என்ன தம்பி? கடலைப் பார்த்திருக்கிறேனா என்றா கேட்கிறாய்? கொழும்புக்கு ஒரு தடவை போனேன்பா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டுக் கூரையத்தான் பாத்தேன்! சிரிக்காதீங்க, விசயத்துக்கு வர்றேன்.

பங்களாவில் வேலை செய்யும் நம் தங்கச்சி றோசலின், போன அடைமழையில் அந்தப் படத்து வானத்தில் சாம்பல் பூத்திருக்கக் கண்டாள். மழை பிடித்தால் நம் லயத்து வரிசை வீடுகளில் என்ன நடக்கும்? மாதா படத்திலும் பூஞ்சணம், மாரியம்மன் படத்திலும் பூஞ்சணம்! மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறோமா, இல்லையா? அவளும் துடைத்தாள். துணியோடு பாதி வானம் வந்துவிட்டது.

"அது பூஞ்சணம் இல்லே, மூடுபனி! படத்தை எட்ட நின்னு பாக்கணும்!" என்று துரை கத்தினார்.

"நான் பாத்த மூடுபனி வெயிலடிச்சா போயிடுங்க தொரை. இது போகலீங்களே" என்றாள் இவள்.

வெள்ளிக்கிழமைக்குள் வேலையையும் லயத்து அறையையும் விட்டுப் போக உத்தரவு. புருசனை இழந்தவள் இரண்டு பெண்பிள்ளைகளோடு எங்கே போவாள்? பிறந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லை. இந்தியாவில் முகம் தெரிந்த ஒருவர் இல்லை. அவளுக்காக நாம் எல்லாரும் நிற்க வேண்டாமா?

என்ன றோசலின், எழுந்துவிட்டாய்? "எனக்காக யாரும் வேலைய இழக்க வேணாங்கண்ணே, நான் ராகலைப் பக்கம் வேற தோட்டம் தேடிப் போயிடுறேன்" என்கிறாயா? பக்கத்தில் லெட்சுமி போடும் சத்தத்தைக் கேள்: "ஒக்காருடி! எம்புள்ளைக்கு அம்மை போட்டப்ப நீ ஓடுனியா?"

கேட்டீர்களா, பெரியோர்களே? படத்தை எட்ட நின்று பார்க்க வேண்டுமாம். பார்க்கட்டும். மனுசியைக் கிட்ட வந்து பார்க்க வேண்டாமா? பங்களா வாசலிலிருந்து பார்த்தால், தேயிலை மலையில் நாமும் பொட்டுகளா? பொட்டுக்குப் பசிக்குமா? பொட்டு பிள்ளை பெறுமா? பொட்டு தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் மலைக்குப் போகுமா?

விடிந்ததும் வேலைக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம் கேட்கும். எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வாருங்கள். கூடையை இறக்கி வையுங்கள். வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிடுவார். "றோசலின்" என்று அவர் கூப்பிடும் வரைக்கும், எந்தப் பேருக்கும் ஒருவரும் வாய் திறக்காதீர்கள்!

கை தட்ட வேண்டாம், தாய்மார்களே. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு காலையில் என்னோடு நில்லுங்கள். குளிரில் குந்தியிருந்து கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, கும்பிட்டு அமர்கிறேன். வணக்கம்.