பழங்காநத்தத்து ஜெபக்கூடம்

ஆட்டோ பறக்கிறது. திருமங்கலம் தாண்டியாகிவிட்டது. உச்சி வெயில். ரோட்டில் எங்களைத் தவிர ஆம்புலன்ஸ்கள் மட்டும். எதிரே ஒன்று. பின்னால் ஒன்று. சைரன் நெருங்குகிறது, கடக்கிறது, தேய்கிறது. அது அடங்கியதும் மிஞ்சுவது ஒரே சத்தம். ஸ்ஸ்ஸ். சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் போகும் சத்தம்.

பின் சீட்டில் பேச்சியம்மா. பேரையூர்ப் பக்கம், பருத்திக் காட்டில் கூலி வேலை. மாசமாக இருக்கிறாள். அவள் தலை ஜெசி அக்காவின் தோளில். சிலிண்டர் என் முழங்கால்களுக்கு நடுவில். முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

“முத்தண்ணே, எங்கயும் நிப்பாட்டாதீங்க!” ஜெசி அக்கா கத்துகிறார்.

2021. மே மாதம். இரண்டாம் அலை.

ஜெசி அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துபவள். பல வருடங்களாக வியாழக்கிழமைகளில் இருவரும் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போவோம். கஞ்சி கொடுப்போம். கேட்டால் ஜெபிப்போம். மாதம் ஒருமுறை பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பிரஷர், சுகர் பார்ப்போம். எங்களைக் கூட்டிப்போவது முத்தண்ணன். சபைக்காரர் இல்லை. சபை வாசலில் ஆட்டோ போடுகிறவர்.

அலை வந்தது. வார்டுகளை அடைத்தார்கள். எங்கள் போன்கள் ஓயாமல் அடித்தன. பழங்காநத்தத்தில் எங்கள் ஜெபக்கூடத்தின் பெஞ்சுகளை வெளியே எடுத்துப் போட்டோம். கட்டில்கள் போட்டோம். அலைந்து திரிந்து கிடைத்தது இரண்டே சிலிண்டர். தெருக்காரர்கள் வந்து சண்டை பிடித்தார்கள். தெருவையே சாகடிக்கப் போறீங்களா என்று கேட்டார்கள். அவர்கள் பயத்தில் தப்பில்லை. எங்களுக்கும் அதே பயம்தான்.

பேச்சியம்மாவின் புருஷன் காலையில் அழைத்தான். ஆம்புலன்ஸ் வர சாயங்காலம் ஆகும் என்கிறார்கள் என்று அழுதான். ஒரு சிலிண்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

இப்போது மதுரைக்குள் வந்துவிட்டோம். முதல் ஆஸ்பத்திரி. கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் வரிசை. இடமில்லை. இரண்டாவது ஆஸ்பத்திரி. கதவையே திறக்கவில்லை. மூன்றாவதில் ஒரு டாக்டர் வெளியே வந்து ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். எங்கள் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். விடிந்தால் ஒரு கட்டில் கிடைக்கலாம், அதுவரை எப்படியாவது தாக்குப்பிடியுங்கள் என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஸ்ஸ்ஸ் சத்தம் மெலிகிறது. பேச்சியம்மாவின் உதடு நீலம் பாரிக்கிறது.

“கூடத்துக்கு விடுங்கண்ணே!” என்றார் ஜெசி அக்கா.

கூடத்தில் இருந்த இன்னொரு சிலிண்டர் சுந்தரம் சாருக்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் வாத்தியாராக இருந்தவர். முன்பு ஒருமுறை ஜெபிக்கிறோம் என்று போனபோது, வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிய வீடு. அவரைக் கொண்டுவந்து சேர்த்த அன்று அவர் மனைவி கோமதியம்மா சொன்னார்: “ஜெபமெல்லாம் வேணாம் தாயி. அவரு மூச்சு விட்டாப் போதும்.” ஜெசி அக்கா சரிங்கம்மா என்றார். அதன்பின் அவர் கட்டிலருகே நாங்கள் ஜெபிக்கக் கண்ணை மூடியதில்லை.

ஒருவர் மூக்கிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைக்க முடியாது. எனக்குத் தெரியும். ஜெசி அக்காவுக்கும் தெரியும்.

ஆட்டோ நின்றது. பேச்சியம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். கோமதியம்மா சிலிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கட்டிலில் சுந்தரம் சாரின் முகம் வேட்டியால் மூடியிருந்தது. கோமதியம்மா அழவில்லை. ஆக்சிஜன் திருகை அவரே மூடியிருந்தார். சிலிண்டரை இரண்டு கையாலும் எங்கள் பக்கம் உருட்டினார்.

“இவருக்கு இனி வேணாம். அந்தப் பிள்ளைக்கு மாட்டுங்க.”

மாட்டினோம். ஸ்ஸ்ஸ். விடியும்வரை அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் அந்த டாக்டர் போன் செய்தார். கட்டில் கிடைத்தது. பேச்சியம்மா பிழைத்தாள். வயிற்றுப் பிள்ளை பிழைக்கவில்லை.

அடுத்த வாரம் ஜெசி அக்காவுக்கு இருமல். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டுக்குள் போகுமுன் திரும்பி, கூடத்தில் கஞ்சி ஆறிரும், சீக்கிரம் போ என்றார். அதுதான் கடைசி. கல்லறைத் தோட்டத்தில் கவச உடுப்பில் நான்கு பேர் இறக்கினார்கள். முத்தண்ணனும் நானும் மதிலோரம் நின்றோம். மண் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“பாட்டு ஒண்ணும் பாடலையாம்மா?” என்று முத்தண்ணன் மெதுவாகக் கேட்டார்.

நோயாளிகள் குறைந்தார்கள். ஜூனில் கூடத்தைக் கழுவிவிட்டோம். பெஞ்சுகள் உள்ளே வந்தன.

நாங்கள் இழந்தவர்கள் இவர்கள். சுந்தரம் சார். கீரை விற்ற லட்சுமி. அவள் மகன் கார்த்தி, தாய் போன மறுநாள். எங்கள் சபை மூப்பர் தேவராஜ். பெயர் வைக்கப்படாத, பேச்சியம்மாவின் பிள்ளை. ஜெசி அக்கா. ஆறு பேர்.

மேலூர்ப் பக்கமிருந்து ஒருவரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவருக்கு மூச்சு இருந்தது. பேச்சு இல்லை. பெயரைக் கேட்டேன். என் விரலைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே போய்விட்டார். தேடி யாரும் வரவில்லை.

அவரோடு ஏழு.